விளக்கை ஏந்தி முன்னே சென்றவர்

ஜார்ஜ் ஸ்டீவன்சன் என்ற பெயரைக் கேட்டால் நமக்கு இரயில் வண்டிதான் நினைவுக்கு வரும். பள்ளிப் பாடநூலில் நான் கண்டதும் அவ்வளவுதான்: பக்கத்தின் மேலே புகை கக்கும் ஓர் எந்திரத்தின் படம், கீழே அவர் பெயர். அவர் ஓட்டிய இரயில் பொதுமக்கள் கண்ணுக்குப் பட்டது 1825-ஆம் ஆண்டில். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், மண்ணுக்கு அடியிலே ஓர் இருட்டு வழியில், எரியும் விளக்கொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் தன்னந்தனியே நடந்து சென்றதைப் பற்றி அந்தப் பாடநூல் ஒன்றும் சொல்லவில்லை. நம் கல்லூரி நூலகத்தில், அட்டை பிய்ந்துபோன ஒரு பழைய நூலைப் புரட்டியபோதுதான் அந்தச் செய்தி எனக்குக் கிடைத்தது.

நான் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நானே. என் தந்தை ஓர் அரிசி ஆலையில் பாய்லர் பார்ப்பவர். விடியற்காலை நான்கு மணிக்கு உமியைத் தள்ளி நெருப்பு மூட்டுவார். நீராவி ஏறியதும் வால்வைத் திறந்து நெல் அவிய விடுவார். ஸ்டீவன்சனின் தந்தையும் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்ட தொழிலாளி என்ற வரியைக் கண்டேன். அதற்குப் பிறகு புத்தகத்தை மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆண்டு மலருக்கு அறிவியலறிஞர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு பேராசிரியர் பணித்தபோது வேறு பெயரை நான் தேடவும் இல்லை.

இங்கிலாந்தின் வடபகுதியில், டைன் ஆற்றங்கரையிலே, நியூகாசில் நகருக்கு மேற்கே வைலம் என்றொரு சிற்றூர். அங்கே 1781 ஜூன் 9-ஆம் நாள் ஸ்டீவன்சன் பிறந்தார். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. வாசலை ஒட்டினாற்போலக் குதிரைகள் கரி வண்டிகளை இழுத்துச் செல்லும் மரத் தண்டவாளம். தந்தைக்கு வாரக் கூலி ஏறத்தாழ 12 ஷில்லிங். பிள்ளைகள் ஆறு பேர். பள்ளிக்கூடம் என்ற பேச்சுக்கே அந்த வீட்டில் இடமில்லை. சிறுவன் ஜார்ஜ் நாளுக்கு 2 பென்னிக்கு மாடு மேய்த்தான். பிறகு கரியிலிருந்து கல் பொறுக்கும் வேலை, 6 பென்னி. பதினான்காம் வயதில் தந்தைக்கே உதவியாளாகக் கொதிகலன் முன்னே நின்றான். பதினேழு வயதில் எந்திரத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவன் கைக்கு வந்துவிட்டது. அதாவது, தந்தையைவிட மேலான வேலை. மகன் ஒருபடி மேலே ஏறி நிற்கும்போது தந்தையின் முகம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். கல்லூரியில் இடம் கிடைத்த அன்று நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வயதிலும் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாளெல்லாம் எந்திரத்தோடு போராடிவிட்டு, வாரத்துக்கு மூன்று இரவு, 3 பென்னி கட்டணத்தில் ஓர் எளிய ஆசிரியரிடம் எழுத்துக் கூட்டிப் படித்தார். தம் பெயரைத் தாமே எழுதும்போது அவருக்கு வயது 19. என் பாட்டி அறிவொளி வகுப்பிலே பெயர் எழுதக் கற்றபோது அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டதாம். ஸ்டீவன்சனைப் பற்றிப் பேசுபவர்கள் இதை ஒரு வியப்பாகச் சொல்கிறார்கள். எங்களைப் போன்ற வீடுகளில் இது வியப்பே இல்லை.

1802-இல் திருமணம், 1803-இல் இராபர்ட் என்னும் மகன் பிறந்தான். அடுத்துப் பிறந்த பெண் குழந்தை சில வாரங்களிலேயே இறந்தது. 1806-இல் மனைவியும் காசநோயால் மறைந்தார். துயரம் தாளாமல் குழந்தையை ஊரிலே விட்டுவிட்டு, ஸ்காட்லாந்தில் உள்ள மான்ட்ரோஸ் வரை கால்நடையாகவே சென்று அங்கே ஓர் எந்திரத்தைப் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்தபோது வீட்டிலே இடி விழுந்திருந்தது. அவருடைய தந்தை ஓர் எந்திரத்தின் உட்புறத்தைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கையில், அவர் உள்ளே இருப்பதை அறியாமல் உடன் வேலை செய்தவர் நீராவியைத் திறந்துவிட்டார். முகத்தில் பாய்ந்த ஆவி கண்ணொளியைப் பறித்துவிட்டது. ஸ்டீவன்சன் தந்தையின் கடன்களை அடைத்தார். பெற்றோரைத் தம் ஊருக்கு அருகிலேயே அழைத்து வந்து இறுதிவரை காப்பாற்றினார்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் சற்று நேரம் எழுந்து வெளியே போய்விட்டேன். மூன்றாண்டுகளுக்கு முன்பு, பாய்லரிலிருந்து வரும் குழாயின் இணைப்பில் தேய்ந்துபோன கேஸ்கட் ஒன்று பிய்த்துக்கொண்டு, என் தந்தையின் வலது முன்கையை நீராவி வெந்துபோகச் செய்தது. பத்து நாள் வீட்டிலே இருந்தார். பதினோராம் நாள் அதே வால்வின் முன்னே நின்றார். தோல் கையுறை ஒரு சோடி ஆலையிலே உண்டு. ஆணியிலே மாட்டித் தொங்கிக்கொண்டிருக்கும். கையுறை போட்டால் பிடி வழுக்குகிறது என்பது அவருடைய வாதம்.

நியூகாசிலுக்கு வடக்கே உள்ள கில்லிங்வொர்த் சுரங்கத்துக்கு வருவோம். 1811-இல் அங்கே ஒரு புதிய குழியில் நீர் இறைக்கும் எந்திரம் ஓராண்டாகப் பயன்படாமல் நின்றது. குழி நிறையத் தண்ணீர். வெளியூர் எந்திர வல்லுநர்கள் பார்த்துக் கைவிட்டதை ஸ்டீவன்சன் பிரித்து மாட்டிச் சில நாள்களில் ஓடவிட்டார். மறு ஆண்டே அச்சுரங்கத்தின் எந்திரங்கள் அனைத்துக்கும் அவர் பொறுப்பாளராக்கப்பட்டார். ஆண்டுக்கு 100 பவுன் ஊதியம். இனி அவர் நிலத்துக்கு மேலேயே இருந்துகொண்டு ஆணையிட்டிருக்கலாம். அவ்வாறு அவர் இருக்கவில்லை.

அக்காலச் சுரங்கத்தின் கொடுமையை நம்மால் எளிதில் எண்ணிப் பார்க்க முடியாது. கரிப் பாறையின் வெடிப்புகளிலிருந்து மீத்தேன் வாயு உஸ்ஸென்று சீறி வெளிப்படும். காற்றிலே அது நூற்றுக்கு ஐந்து பங்கு முதல் பதினைந்து பங்கு வரை கலந்திருந்தால் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். ஆனால் வெளிச்சம் இல்லாமல் வேலை செய்வது எப்படி? மெழுகுவத்தியைத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாயு மிகுந்த இடங்களில் எஃகுச் சக்கரம் ஒன்றைச் சுழற்றி, அதிலே சக்கிமுக்கிக் கல்லை உரசி, தெறிக்கும் பொறிகளின் மங்கலான ஒளியிலே கரி வெட்டினார்கள். அந்தப் பொறியிலும் வாயு தீப்பற்றியதுண்டு. கில்லிங்வொர்த்தில் 1806-இல் நேர்ந்த வெடிப்பில் பத்துப் பேரும், 1809-இல் பன்னிரண்டு பேரும் மாண்டனர். 1812 மே 25-ஆம் நாள் அருகிலிருந்த ஃபெல்லிங் சுரங்கத்தில் ஒரே வெடிப்பில் 92 உயிர்கள் போயின. அவர்களில் சிறுவர்களும் இருந்தனர்.

1814-இல் கில்லிங்வொர்த்தில் தீப்பிடித்தது. ஸ்டீவன்சனின் வாழ்க்கையை 1857-இல் எழுதிய சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவர் இந்நிகழ்ச்சியை விரிவாகச் சொல்லுகிறார். ஸ்மைல்ஸ் தம் நாயகரைப் போற்றிப் போற்றி எழுதுகிறவர். கொஞ்சம் கழித்துக்கொண்டே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆயினும், கழித்த பிறகும் மிஞ்சுவது பெரிதாகவே இருக்கிறது. தீ என்ற கூக்குரல் கேட்டு ஸ்டீவன்சன் குழி வாய்க்கு ஓடினார். பெண்களும் பிள்ளைகளும் அலறிக்கொண்டு அங்கே திரண்டிருந்தனர். தம்மைக் கீழே இறக்குமாறு சொல்லி முதல் ஆளாக இறங்கினார். கீழே அஞ்சி நின்றவர்களிடம், தம்மோடு ஆறு பேர் வந்தால் போதும், தீயை அடக்கிவிடலாம் என்றார். ஆறு பேர் வந்தார்கள். செங்கல்லும் சாந்தும் கைக்கு எட்டும் இடத்திலேயே இருந்தன. தீப்பிடித்த வழியின் வாயிலே அவர்கள் சுவர் எழுப்பிக் காற்றை அடைத்தார்கள். காற்றில்லாமல் தீ அவிந்தது. மூச்சுத் திணறிச் சிலர் இறந்தார்கள், மற்றவர்கள் பிழைத்தார்கள். இப்படி மனிதர் சாவதைத் தடுக்க வழியே கிடையாதா என்று அன்று சுரங்கத் தொழிலாளி ஒருவர் அவரைக் கேட்டாராம். வழி இருக்கலாம் என்று அவர் சொல்ல, அப்படியானால் விரைந்து தேடுங்கள், இப்போது கரிக்கு நாங்கள் உயிரையல்லவா விலையாகக் கொடுக்கிறோம் என்ற பொருள்பட அந்தத் தொழிலாளி சொன்னதாக ஸ்மைல்ஸ் எழுதுகிறார்.

அன்று தொடங்கி அவர் மூளையிலே விளக்குத்தான் எரிந்தது. சுரங்கத்திலே வாயு சீறும் வெடிப்புகளுக்கு எதிரே மெழுகுவத்திகளைப் பிடித்துச் சுடர் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்தார். உடன் இருந்தவர்கள் வேண்டாம் என்று தடுத்தும் அவர் கேட்கவில்லை. எரிந்து முடிந்த காற்று சுடரின் மேலே தேங்கி நிற்குமானால் தீ வெளியே தாவாது என்பது அவருடைய எண்ணம். அதற்கேற்ப, அடியிலே ஒரு குழாய் வழியாகக் காற்று நுழையுமாறும், சுடரைச் சுற்றிக் கண்ணாடி இருக்குமாறும் ஓர் எண்ணெய் விளக்கை நியூகாசில் தகரக்கொல்லர் ஒருவரிடம் செய்யச் சொன்னார்.

1815 அக்டோபர் 21. விளக்கு கைக்கு வந்தது. சுரங்கத்தில் அவருடைய நண்பரான நிக்கோலஸ் வுட் என்பவரும், துணை மேற்பார்வையாளர் ஒருவரும் உடன் வர, மூவரும் இறங்கினார்கள். வாயு பலமாகச் சீறும் இடமாகப் பார்த்து, அதைச் சுற்றிப் பலகைகளை அடைத்து, வாயு மேலும் தேங்கும்படி செய்தார்கள். சிறிது நேரம் கழித்து, சுரங்கத்திலேயே பழகிய அந்தத் துணை மேற்பார்வையாளர் தாம் மட்டும் உள்ளே போய்ப் பார்த்தார். இங்கே சாதாரண விளக்கைக் கொண்டுவந்தால் வெடிப்பது உறுதி என்று வந்து சொன்னார். ஸ்டீவன்சனையும் எச்சரித்தார். மற்ற இருவரும் பாதுகாப்பான தொலைவுக்கு விலகி நின்றார்கள்.

ஸ்டீவன்சன் விளக்கை ஏற்றிக்கொண்டு போனார்.

முதலில் அந்த வெளிச்சம் அவர்களுக்குத் தெரிந்தது. பிறகு திருப்பத்தில் மறைந்தது. விளக்கு தவறினால் அவர் மட்டும் மாளமாட்டார். சுரங்கமே சிதறிப் போகலாம். வாயு சீறும் வெடிப்புக்கு நேரே அவர் விளக்கை நீட்டினார். சுடர் முதலில் பெரிதாயிற்று, துடித்தது, பிறகு அணைந்துவிட்டது. வெடிக்கவில்லை. அவர் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். மறுபடியும் ஏற்றிக்கொண்டு போனார். சில முறை இப்படி நடந்தபின், தொலைவிலே நின்றவர்களும் அருகே வந்தார்கள். முடிவில் வுட் என்பவரே விளக்கை வாங்கித் தம் கையால் வாயுவுக்கு நேரே பிடித்தார்.

விலகி நின்றவர் கைநீட்டி விளக்கை வாங்கிய அந்த நொடியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதுவரை ஸ்டீவன்சன் எத்தனை விளக்கங்கள் சொல்லியிருப்பார்! குழாய், காற்று, சுடர் என்று எத்தனை பேச்சு நடந்திருக்கும்! அவற்றைக் கேட்டு எவரும் அந்தப் பலகைத் தடுப்பைத் தாண்டவில்லை. அவர் போனார், திரும்பினார், மீண்டும் போனார். அதைக் கண்ட பிறகே கால்கள் நகர்ந்தன. நம் ஆய்வகத்திலும் இதை நாம் கண்டதுண்டு. முதலாண்டில் செறிவு மிகுந்த நைட்ரிக் அமிலப் புட்டியைத் திறப்பதற்கு முன், எங்கள் பேராசிரியை கண்ணாடிக் காப்பை எடுத்து மாட்டிக்கொள்வார். எங்களைப் பார்த்து ஒன்றும் சொல்லமாட்டார். மாட்டி முடிக்கும்வரை புட்டியைத் தொடமாட்டார். இரண்டு வாரம் கழித்து நாங்கள் அனைவரும் மாட்டத் தொடங்கிவிட்டோம். சுவரிலே ஒட்டியிருந்த விதிமுறைப் பட்டியல் அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அறிவியல் மாணவனாக எனக்கு அந்தச் சோதனையிலே உடன்பாடு இல்லை. உயிருள்ள மனிதர் வாயு நிறைந்த இடத்தில் நெருப்போடு நுழைந்து பார்ப்பது சோதனை முறையே அன்று. அதே காலத்தில் சர் ஹம்ப்ரி டேவி வேறு வழியிலே சென்றார். ஃபெல்லிங் கொடுமைக்குப் பிறகு, சுரங்க விபத்துகளைத் தடுக்க அமைந்த கழகத்தார் அவரை நாடினர். 1815 ஆகஸ்டில் அவர் கரிச் சுரங்கங்களைப் பார்வையிட்டார்; வாயுவை இலண்டனுக்கு வரவழைத்து ஆய்வகத்திலே பகுத்தாராய்ந்தார். நுண்ணிய கம்பி வலை சுடரின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும்; வலைக்கு அப்பால் உள்ள வாயு எரியும் வெப்பநிலையை எட்டாது. இதைத் தெளிவாக விளக்கியவர் டேவியே. ஸ்டீவன்சனின் விளக்கு வேலை செய்தது. அது ஏன் வேலை செய்தது என்பதற்கு அவர் தந்த காரணம் முழுவதும் சரியன்று. குறுகிய குழாய்களும் துளைகளும் சுடரைக் குளிர்விப்பதுதான் மெய்யான காரணம். காரணம் தெரியாமலே கையால் கண்டுபிடித்தவர் அவர். நவம்பர் 4-இல் குழாய்களைச் சிறிதாக்கி இரண்டாம் விளக்கையும், நவம்பர் 30-இல் துளையிட்ட தகட்டோடு மூன்றாம் விளக்கையும் சோதித்தார். டேவியின் கட்டுரை அரசக் கழகத்தில் படிக்கப்பட்டது நவம்பர் 9-ஆம் நாள்.

பிறகு எழுந்த பூசலை விரித்துரைக்க நான் விரும்பவில்லை. எழுத்தறிவு அரைகுறையான ஓர் எந்திரக்காரர் இதைத் தாமே கண்டிருக்க முடியாது, டேவியிடமிருந்து எடுத்திருப்பார் என்று இலண்டனில் பேசினார்கள். டேவியும் அப்படியே நம்பினார். சுரங்க உரிமையாளர்கள் டேவிக்குச் சுமார் 2,000 பவுன் பரிசளித்தனர். ஸ்டீவன்சனுக்குக் கிடைத்தது 100 கினி. வட நாட்டார் வெகுண்டு, தாங்களாகவே 1,000 பவுன் திரட்டி அவருக்குக் கொடுத்தார்கள். 1833-இல் பாராளுமன்றக் குழு ஒன்று இருவருக்கும் சம உரிமை உண்டு என்று முடிவு கூறியது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே டேவி காலமாகியிருந்தார். இரண்டு பேருமே தத்தம் விளக்குக்குக் காப்புரிமை கேட்கவில்லை என்பதை மட்டும் இருவர் பெருமைக்கும் உரியதாகக் குறித்துக்கொள்வோம்.

விளக்கு வந்துவிட்டது, சாவு குறைந்ததா? இல்லை. இது எனக்குப் பெரும் அதிர்ச்சி. முன்பு வாயு மிகுதியால் மூடிக் கிடந்த குழிகளைப் புதிய விளக்கை நம்பி உரிமையாளர்கள் திறந்தார்கள். காற்றோட்ட வசதிக்குச் செலவிட வேண்டிய இடத்தில் விளக்கைக் காட்டினார்கள். வலைக்குள் எரியும் சுடரின் ஒளி மங்கல். வெட்டிய கரிக்கு ஏற்பக் கூலி என்பதால், நன்றாகத் தெரிவதற்காகத் தொழிலாளிகளே வலையைக் கழற்றிவிட்டு வேலை செய்ததும் உண்டு. பின்னாளில் விளக்குகளுக்குப் பூட்டுப் போட வேண்டியதாயிற்று. வட இங்கிலாந்துச் சுரங்கங்களில் விளக்குக்குப் பிந்திய பதினெட்டு ஆண்டுகளில் நேர்ந்த சாவுகள் முந்திய பதினெட்டு ஆண்டுகளைவிட மிகுதி என்று 1835-இல் பாராளுமன்றக் குழுவின் முன் தெரியவந்தது. ஸ்டீவன்சனைப் போல விளக்கோடு முன்னே நடந்துபோக ஒவ்வொரு குழியிலும் ஒருவர் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். வயிற்றுக்காக வலையைக் கழற்றுகிறவனுக்கு எடுத்துக்காட்டு மட்டும் போதாது. கூலியும் சரியாக இருக்க வேண்டும்.

இனி இரயில். 1814-இலேயே அவர் கில்லிங்வொர்த்தில் கரி இழுக்கும் எந்திரம் ஒன்றைச் செய்துவிட்டார். 1825 செப்டம்பர் 27-இல் ஸ்டாக்டன் - டார்லிங்டன் பாதையில் முதல் வண்டியைத் தாமே ஓட்டினார். அவ்வாண்டே பாராளுமன்றக் குழுவின் முன், லிவர்பூல் - மான்செஸ்டர் பாதைக்கான நில அளவையில் இருந்த பிழைகளுக்காக வழக்கறிஞர்களால் கிழித்தெறியப்பட்டார். அளந்தவர்கள் அவருடைய உதவியாளர்கள். சரிபார்க்காதது அவர் குற்றம். அவருடைய வடநாட்டுப் பேச்சையும் அவையிலே கேலி செய்தார்கள். மீண்டும் அளந்து, சட்டம் நிறைவேறி, சாட் மாஸ் என்ற சேற்று நிலத்தின் மேல் பாதை அமைத்து, 1829-இல் மகன் இராபர்ட் உருவாக்கிய 'இராக்கெட்' போட்டியிலே வென்றது. இவை பாடநூலிலேயே உள்ளன.

பாடநூலில் இல்லாதது 1830 செப்டம்பர் 15-ஆம் நாளின் நடுப்பகுதி. அன்று பாதையின் திறப்பு விழா. பிரதமர் வெல்லிங்டன் கோமகன் முதலிய பெருமக்கள் எட்டு வண்டித் தொடர்களில் புறப்பட்டனர். கோமகன் இருந்த தொடரை இழுத்த 'நார்த்தம்பிரியன்' எந்திரத்தை ஸ்டீவன்சனே ஓட்டினார். பாதி வழியில் பார்க்சைட் என்ற இடத்தில் தண்ணீர் நிரப்ப நின்றபோது எவரும் கீழே இறங்கக் கூடாது என்பது முன்னரே அறிவிக்கப்பட்ட விதி. ஏறத்தாழ ஐம்பது பேர் இறங்கினார்கள். யார் அவர்கள்? ஏதுமறியாப் பாமரர்களா? நாட்டின் கனவான்கள்! பாராளுமன்ற உறுப்பினரான வில்லியம் ஹஸ்கிசன் தண்டவாளத்தின் மேலே நடந்து கோமகனிடம் கைகுலுக்கச் சென்றார். பக்கத்துப் பாதையில் 'இராக்கெட்' வந்துகொண்டிருந்தது. அதற்குத் தடைக்கட்டை கிடையாது. மற்றவர்கள் ஒதுங்கினார்கள், அவர் தடுமாறி விழுந்தார், கால் நசுங்கியது. ஸ்டீவன்சன் தம் எந்திரத்தைப் பிற வண்டிகளிலிருந்து கழற்றி, காயமுற்றவரை ஏற்றிக்கொண்டு 15 மைல் தொலைவை 25 நிமிடங்களில் கடந்து எக்கிள்ஸ் ஊருக்குக் கொண்டு சேர்த்தார். அதுவரை மனிதர் கண்டிராத வேகம் அது. அன்றிரவே ஹஸ்கிசன் இறந்தார். முதல் ஆள் இறங்கியபோது ஒருவரேனும் இருக்கையிலேயே அமர்ந்திருந்து பிறரையும் இருக்கச் செய்திருக்கலாம். பெரியவர் ஒருவர் இறங்கினால் பின்னே இருப்பவர் எதற்காக உட்கார்ந்திருப்பார்?

மகனைப் பற்றி ஒரு சொல். கில்லிங்வொர்த் நாள்களில் இராபர்ட்டை நியூகாசில் பள்ளிக்குக் கழுதை மேலே ஏற்றி அனுப்பினார் தந்தை. மாலையிலே அவன் கொண்டுவரும் நூல்களை இருவருமாகப் படித்தார்கள். அந்நகரின் இலக்கிய தத்துவக் கழக நூலகத்தின் நூல்கள் அவை. 1815 டிசம்பரில் தம் விளக்கை அதே கழகத்தாரின் முன்னே ஸ்டீவன்சன் காட்டினார். மகன் படிக்க, தந்தை கற்கும் வீடு ஒன்று அங்கேயும் இருந்திருக்கிறது என்பதிலே எனக்கோர் ஆறுதல்.

பிற்காலத்தில் செஸ்டர்ஃபீல்டு அருகே டாப்டன் மாளிகையில் தோட்டம் போட்டு வாழ்ந்தார். வெள்ளரிப் பிஞ்சுகள் வளைந்து வளர்வது அவருக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடிக் குழாய் செய்வித்து அவற்றுக்குள்ளே நேராக வளரச் செய்தாராம். விளக்குக்குக் கண்ணாடி செய்த கை சும்மா இருக்குமா! 1847-இல் எந்திரப் பொறியாளர் கழகத்தின் முதல் தலைவரானார். 1848 ஆகஸ்ட் 12-ஆம் நாள், 67-ஆம் வயதில் மறைந்தார்.

இக்கட்டுரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நாள்களில், மின்சாரம் போயிருந்த ஓர் இரவிலே திண்ணையில் உட்கார்ந்து இந்த வரலாற்றை என் தந்தைக்குச் சொன்னேன். சுரங்கமும் வாயுவும் அவருக்குப் புதிது. ஆனால் இடையிலே நிறுத்தி நிறுத்திக் கேட்டார். சுடர் அணைந்ததும் அந்த இருட்டில் எப்படித் திரும்பி வந்தார் என்றார். எனக்குத் தெரியவில்லை. தொழிலாளி கேட்கும் கேள்வி நூலெழுதியவருக்குத் தோன்றவில்லை போலும். கண்ணிழந்த அந்தத் தந்தையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவர் ஒன்றும் பேசவில்லை; வலது கையை இடது கையால் தடவிக்கொண்டிருந்தார்.

ஆலையில் அவருக்கு உதவியாக அண்மையில் ஓர் இளைஞன் சேர்ந்திருக்கிறான். என்னைவிட ஒரு வயது குறைந்தவன். பிளஸ் டூவோடு நின்றுவிட்டான். என் தந்தை எப்படி நிற்கிறாரோ அப்படியே நிற்பான். அவர் துண்டை எப்படித் தலையில் கட்டுகிறாரோ அப்படியே கட்டுவான். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். ஊறல் தொட்டியில் நெல் ஆயத்தமாக இருந்தது. அளவுமானியைப் பார்த்துவிட்டு என் தந்தை வால்வின் அருகே சென்றார், நின்றார், திரும்பி வந்து ஆணியிலிருந்த கையுறையை எடுத்துத் தூசி தட்டி, இரண்டு கைகளிலும் மாட்டிக்கொண்டார். பையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு சோடி எங்கே என்று தேடினான். அது தேநீர்ப் பாத்திரத்தைச் சூட்டோடு பிடித்து இறக்குவதற்காக அடுப்பங்கரைக்குப் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அதை எடுத்துவர அவன் ஓடினான். அவன் திரும்பி வரும்வரை என் தந்தை வால்வைத் திறக்கவில்லை.